‘மெலோட்ராமா’: ஷஃபிளில் போட்டால் பாதி காணாமல் போகும் ஆல்பம்

மொத்தம் 11 பாட்டு, 41 நிமிடம். வெளியானது 2017 ஜூன் 16. நியூசிலாந்துப் பாடகி லோர்டின் இரண்டாவது ஆல்பமான ‘மெலோட்ராமா’வைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் முதலில் இசைச் செயலியில் ஷஃபிளை, அதாவது பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் வசதியை, அணைத்துவிட வேண்டும். பிறகு, இடையில் எழுந்து போகத் தேவையில்லாத ஒரு முக்கால் மணி நேரத்தைப் பார்த்து உட்கார வேண்டும். இதைச் செய்யாமல் பிளேலிஸ்ட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு பாட்டைக் கேட்டுவிட்டு, “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்பவர்கள் நிறைய. நாலும் நல்ல பாட்டாகவே இருந்திருக்கும். ஆனால் இந்த ஆல்பத்தின் வேலை பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

கொஞ்சம் முன்கதை. லோர்டின் இயற்பெயர் எல்லா யெலிச்-ஓகானர். 1996 நவம்பரில் ஆக்லாந்தில் பிறந்தவர். 2013இல் ‘ராயல்ஸ்’ அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியபோது அவருக்கு வயது 16. அங்கேயே 9 வாரம் இருந்தது. அதே ஆண்டு வந்த முதல் ஆல்பம் ‘ப்யூர் ஹீரோயின்’, ஜோயல் லிட்டில் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்தது. டிரம் மெஷின், அடியில் கனமான பேஸ், மேலே லோர்டின் குரலே பல அடுக்காக. அநேகமாக அதற்கு மேல் கருவி இல்லை. அதில் பேசுவது பெரும்பாலும் ‘நாங்கள்’: பணக்காரப் பாப் உலகத்தைத் தூரத்துப் புறநகரிலிருந்து ஒரு நக்கலோடு பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கூட்டத்தின் பலம் இருந்ததால் அந்தக் குரலுக்குத் தன்னம்பிக்கை வந்தது.

இரண்டாவதில் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. நீண்ட நாள் காதல் முறிந்து, இருபதை எட்டும் வயதில் ஒருத்தி தனியாக நிற்கிறாள். பேசுவது ‘நான்’. இளம் வயதில் புகழ் வந்த பாடகர்களின் இரண்டாவது ஆல்பத்தில் வழக்கமாக வரும் புலம்பல், அதாவது கேமரா துரத்துகிறது, ஹோட்டல் அறை வெறுமையாக இருக்கிறது, ரசிகர்களுக்கு என் உண்மை முகம் தெரியாது என்பதெல்லாம், இங்கே ஏறத்தாழ இல்லை. புகழைப் பற்றி இவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அதை ஒதுக்கியதே பாதி வெற்றி. அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு இரவு, ஒரு வீட்டு விருந்து. கிளம்பும்போது உள்ள பரபரப்பு, குடி, புதிதாக ஒருவரைப் பார்த்தது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது, எல்லோரும் போன பிறகு கண்ணாடிக் கோப்பைகளைப் பொறுக்குவது, விடிகாலை. இந்தச் சட்டகத்தை லோர்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் இருந்திருந்தாலும் பாட்டு வரிசையே காட்டிக்கொடுத்திருக்கும்.

பெரும்பகுதியைச் சேர்ந்து எழுதித் தயாரித்தவர் ஜாக் ஆன்டனாஃப். ‘ஃபன்’ குழுவில் இருந்தவர், ‘ப்ளீச்சர்ஸ்’ என்ற பெயரில் சொந்தமாகவும் இசைப்பவர். நியூயார்க்கில் புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் உள்ள அவருடைய வீட்டு ஸ்டுடியோவிலும், எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவிலும் நிறைய வேலை நடந்தது. முதல் ஆல்பத்தில் பியானோவுக்கு இடமே இல்லை. இதில் பியானோதான் முதுகெலும்பு. அந்த மாற்றம் ஒன்றே இரண்டு ஆல்பங்களுக்கும் இடையில் ஓடிய நாலு ஆண்டைச் சொல்லிவிடுகிறது.

‘க்ரீன் லைட்’டில் தொடங்குகிறது. புதிதாகக் கேட்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். முதல் முக்கால் நிமிடம் தாழ்ந்த பியானோ, அதற்கு மேல் கோபத்தை அடக்கிக்கொண்ட குரல். சோகப் பாட்டு போலிருக்கிறதே என்று நினைக்கும்போது திடீரென்று பியானோ வேறொரு வெளிச்சத்துக்குத் தாவுகிறது. ஸ்வரச் சூழலே மாறுகிறது. பழைய ஹவுஸ் என்ற நடன இசையில் வருவது போன்ற, பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் துள்ளலான கார்டுகள். ஆனால் டிரம்ஸ் இன்னும் முழுதாக வரவில்லை. குரல் ஏறுகிறது, டிரம்ஸ் வரவில்லை. ஒரு நிமிடம் தாண்டிப் பல்லவி கூட்டுக் குரலாக வெடிக்கும்போதுதான் தாளம் தன் முழு எடையோடு இறங்குகிறது. சாலையில் பச்சை விளக்குக்காகக் காத்திருப்பவள் பாடும் பாட்டு இது. கேட்பவரையும் அதே சிக்னலில் நிற்க வைத்துவிடுகிறது. உலகத்திலேயே அதிக ஹிட் கொடுத்த பாட்டாசிரியர்களில் ஒருவரான மேக்ஸ் மார்ட்டின் இதைக் கேட்டுவிட்டு, இலக்கணப்படி இது தப்பான பாட்டு என்ற பொருளில் சொன்னதாக லோர்ட் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்குச் சொன்னார். திட்டாகச் சொல்லவில்லை, சுருதி மாறும் இடமும் டிரம்ஸ் நுழையும் இடமும் வழக்கத்துக்கு மாறானவை என்ற கவனிப்பு அது. அவர் கண்ட குறைதான் பாட்டின் உயிர். முதல் நிமிடத்தில் தாவிவிடாமல் இருங்கள், அது போதும்.

அடுத்த மூன்றும் விருந்தின் ஏறுமுகம். ‘சோபர்’ அடங்கிய தாளத்தில் தொடங்கி, பாதி தாண்டியதும் ஊதுகருவிகளைச் சேர்த்துக்கொள்கிறது. போதை தெளிந்தால் நமக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்ற கேள்வியை ஆடிக்கொண்டே கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் பாட்டு முடிந்துவிடும். அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து பாட்டு தள்ளி அது திரும்பி வரும். ‘ஹோம்மேட் டைனமைட்’ ஸ்வீடன் பாடகி டோவ் லோவும் சேர்ந்து எழுதியது. ஃபிராங்க் டியூக்ஸ் தயாரிப்பு. ஆல்பத்திலேயே மிகவும் வழவழப்பான, ரேடியோவுக்கென்றே செய்தது போன்ற பாட்டு இதுதான். அந்த வழவழப்புக்குள், நண்பன் குடித்துவிட்டுக் கார் ஓட்டுவதையும் அது எப்படி முடியும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறாள். வெடிகுண்டு என்று பெயர் வைத்த பாட்டில் பெரிய வெடி எதுவும் இல்லை. அந்த இடத்தில் இசையை நிறுத்திவிட்டு வாயாலேயே மெல்ல ஒரு வெடிச் சத்தம் கொடுக்கிறார். குறும்பு என்றால் இதுதான்.

பாரிஸின் புகழ்பெற்ற அருங்காட்சியகத்தின் பெயர் கொண்ட ‘தி லூவ்ர்’ இந்த முதல் பாதியின் சிகரம். புதுக்காதலின் தலைகால் புரியாத நிலை. பல்லவி வரும் இடத்தில் சாதாரணமாகப் பாப் பாட்டு என்ன செய்யும்? சத்தத்தைக் கூட்டும். இங்கே சத்தம் குறைகிறது. பாடல் பேச்சாகத் தணிந்து, தன் நெஞ்சு அடிக்கும் சத்தத்தை ஒலிபரப்பி எல்லோரையும் அதற்கு ஆட வைக்கலாம் என்கிறது. அடியில் துணி போட்டு மூடிய மாதிரி ஒரு கிக் டிரம், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம், துடிக்கிறது. செல்போன் ஸ்பீக்கரில் அந்தத் துடிப்பு சுத்தமாகக் கேட்காது. கேட்காவிட்டால் பல்லவி வெறும் முணுமுணுப்பாகத்தான் தோன்றும். “இந்தப் பாட்டு எங்கேயும் போகவில்லை” என்று குறை சொல்பவர்களில் பலர் அதை அப்படிக் கேட்டிருப்பார்கள். தங்கள் காதல் அருங்காட்சியகத்தில் மாட்டும் அளவுக்குப் பெரியது என்று பெருமை பேசிவிட்டு, பின்பக்கச் சுவரில்தான் இடம் கிடைக்கும், ஆனாலும் அது லூவ்ர் ஆயிற்றே என்கிறாள். இருபது வயதின் பெருமையும் சந்தேகமும் ஒரே மூச்சில் வருகின்றன. கடைசி ஒரு நிமிடம் சொல்லே இல்லாமல் கிட்டார் மட்டும் நீண்டு போகிறது. அதை வெட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகாதீர்கள். இனிமேல் வரப்போவது இறக்கம். அதற்கு முன் மூச்சு வாங்க விட்ட இடம் அது.

ஏனென்றால் அடுத்தது ‘லயபிலிட்டி’, அதாவது சுமை. பியானோ, குரல், வேறொன்றும் இல்லை. 3 நிமிடத்துக்கும் குறைவு. நீ எனக்கு அதிகம், உன்னோடு தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று காதலன் சொல்லிவிட, வீட்டுக்குப் போய் அவளை எப்போதும் கைவிடாத ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறாள். அந்த ஒருத்தி அவளேதான். வித்தை காட்டும் வரைதான் பொம்மைக்கு மதிப்பு, வித்தை தீர்ந்ததும் ஒதுக்கிவிடுவார்கள் என்ற உவமையும் உண்டு. புகழைப் பற்றி ஆல்பம் ஏதாவது சொல்கிறது என்றால் இந்த ஒரு வரியில்தான், அதையும் காதலைப் பற்றியது போலவே எடுத்துக்கொள்ளலாம். பதிவில் குரல் மிக அருகில் இருக்கிறது. மூச்சு எடுப்பதும் கேட்கும். எதிரொலியைக் கூட்டி அழகுபடுத்தாமல் விட்டதற்கு ஆன்டனாஃபைப் பாராட்ட வேண்டும். அவருக்கு அந்தச் சபலம் எப்போதும் உண்டு.

‘ஹார்ட் ஃபீலிங்ஸ்/லவ்லெஸ்’ இரண்டு பாட்டு ஒரே டிராக்கில், 6 நிமிடத்துக்கு மேல். முதல் பாதி பிரிவுக்கு முந்தைய கடைசிப் பேச்சு: காரில் பக்கத்தில் உட்கார்ந்து, முடியப் போகிறது என்று இருவருக்கும் தெரிந்தும், கொஞ்ச நேரம் மென்மையாக இரு என்று கேட்பது. நடுவில் சொல் நின்றுபோய், இரும்பை இரும்பில் உரசுவது போன்ற கிறீச்சிடும் ஒலிகள் வருகின்றன. முதல் முறை கேட்கும்போது ஹெட்ஃபோன் பழுதாகிவிட்டதோ என்று சிலர் சந்தேகப்படுவார்கள். பழுதில்லை. வாயால் சொல்ல மறுத்த ஆத்திரத்தை அங்கே கருவிகளிடம் விட்டிருக்கிறார்கள். அது அடங்கியதும் ‘லவ்லெஸ்’ வருகிறது. குழந்தைப் பாட்டு மெட்டு, எழுத்துக் கூட்டிப் பழிப்புக் காட்டுவது, எங்கள் தலைமுறைக்கே காதல் கிடையாது என்ற வீறாப்பு. அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்பவளின் பாட்டு என்று எடுத்துக்கொண்டால் பொருந்தும். ஆனால் அந்த முதல் பாதியின் கனத்துக்கு இது ஈடாகவில்லை. தனியாக இரண்டு நிமிடப் பாட்டாக விட்டிருந்தால் வேண்டியவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். ஒரே டிராக்காக ஒட்டியதால் தாண்டவும் முடியாது.

ஏழாவது ‘சோபர் 2 (மெலோட்ராமா)’. இங்கேதான் ஷஃபிள் போட்டவர்கள் இழப்பது என்ன என்று புரியும். இரண்டாம் பாட்டில் கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு இங்கே பதில் வருகிறது. வயலின்கள், மெதுவான பியானோ, அப்புறம் கீழிருந்து ஒரு கனத்த தாளம். விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள். கோப்பைகளைத் துடைத்து வைக்கிறாள். இது மெலோட்ராமாதான் என்று முதலிலேயே சொன்னோமே என்ற அலுப்பு. 3 நிமிடத்துக்கும் குறைவான இந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டால் ஏதோ படத்தின் பின்னணி இசை போலத்தான் இருக்கும்; பிளேலிஸ்ட்டில் யாரும் சேர்க்க மாட்டார்கள். இடத்தில் வைத்துக் கேட்டால் ஆல்பத்தின் கீலே இதுதான்.

‘ரைட்டர் இன் தி டார்க்’ கேட்பவர்களை இரண்டாகப் பிரிக்கும். இருட்டில் ஓர் எழுத்துக்காரியை முத்தமிட்டதற்கு நீ வருந்துவாய் என்று எச்சரிக்கிறாள். உன்னைப் பற்றி எழுதுவேன், அதை உன்னால் தடுக்க முடியாது என்பதுதான் மிரட்டல். பல்லவியில் குரல் உச்சத்துக்குப் போய் நடுங்குகிறது. பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் ஞாபகம் வராமல் இருக்காது. வேண்டுமென்றே நாடகத்தனமாகப் பாடியிருக்கிறார், அது சிலருக்கு ஒவ்வாது. போலீஸைக் கூப்பிடும் வரை உன்னைக் காதலிப்பேன் என்கிற இடத்தில் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாது; அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் அவருக்கு வேண்டியது. நான் என் அம்மாவின் பிள்ளை என்று ஒரு வரி வருகிறது. லோர்டின் அம்மா சோன்யா யெலிச் நியூசிலாந்தில் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட கவிஞர் என்பது தெரிந்தால் அந்த வரி வெறும் அலங்காரமாகத் தோன்றாது. அதற்குள் ஒரு குடும்பத் தொழிலே இருக்கிறது.

பிறகு ‘சூப்பர்கட்’. ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இதைக் கொடுக்கலாம். முடிந்துபோன காதலின் நல்ல காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டி மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது. அந்தக் காட்சிகளில் நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறேன் என்கிறாள். ‘க்ரீன் லைட்’டின் துள்ளல் பியானோ இங்கே திரும்பி வருகிறது. ஆனால் அங்கே அது எதிர்காலத்தை நோக்கி ஓடியது, இங்கே நடந்ததையே சுற்றிச் சுற்றி வருகிறது. நடுவில் கருவிகள் விலகிக் குரல் மட்டும் நின்று, மறுபடியும் தாளம் வந்து விழும் இடம் ஆன்டனாஃபின் கைத்திறனுக்கு நல்ல உதாரணம். கடைசி ஒரு நிமிடம் எல்லாம் மங்கி, பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் குரல் தேய்கிறது. செயலியில் கிராஸ்ஃபேட் வசதியை இயக்கி வைத்திருந்தால் இந்தத் தேய்வின் மேல் அடுத்த பாட்டு ஏறி உட்கார்ந்துவிடும். அமைப்புகளில் போய் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

‘லயபிலிட்டி (ரிப்ரைஸ்)’, அதாவது அந்தப் பாட்டின் மறுவருகை, 2 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஐந்தாம் பாட்டின் மெட்டு அப்படியே திரும்பி வராது. அதன் நினைவுதான் வருகிறது, குரல்களை அடுக்கிக் கணினியில் கலங்கடித்து. நீ நினைத்திருந்த ஆள் நீ இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அங்கே மற்றவன் சொன்ன தீர்ப்பை நம்பி அழுதவள், இங்கே அந்தத் தீர்ப்பையே பிடித்துக் கேள்வி கேட்கிறாள். வயதுக்கு வருவது என்பதை இந்த ஆல்பம் அறிவிப்பாக எங்கும் சொல்லவில்லை. ஒரே பொருளை இரவில் ஒரு முறையும் விடிகாலையில் ஒரு முறையும் எடுத்துக் காட்டுகிறது. நடுவில் மாறியது யார் என்பதை நாமே கண்டுகொள்கிறோம். ‘சோபர்’ இரண்டு, ‘லயபிலிட்டி’ இரண்டு என்று ஜோடியாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

கடைசி ‘பெர்ஃபெக்ட் பிளேசஸ்’. பத்தொன்பது வயது, ஒவ்வொரு வார இறுதியும் எங்காவது கூத்து, மறுநாளை நினைத்து ஒரு பயம், நம் நாயகர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்களே என்ற கலக்கம். பாடகர்கள் டேவிட் போவியும் பிரின்ஸும் இறந்த 2016இல் எழுதப்பட்ட பாட்டு. இவ்வளவு நேரம் ‘நான்’ என்று பேசியவள் இங்கே மறுபடி ‘நாங்கள்’ என்று மாறுகிறாள். முதல் ஆல்பத்தின் ‘நாங்கள்’ எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னது. இந்த ‘நாங்கள்’, அந்த மாசற்ற இடங்கள் என்றால் என்னதான் என்று ஒரு கெட்ட வார்த்தையோடு கேட்டுவிட்டு நிற்கிறது. மொத்த ஆல்பமும் போய் நிற்பது அந்தக் கடைசிக் கேள்வியில்தான். அதனால் ஒரு நடைமுறை எச்சரிக்கை: ஒளிபரப்புக்கெனக் கெட்ட வார்த்தைகளை வெட்டிய பதிப்பில் சரியாக அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது. பெரியவர்கள் கேட்பதென்றால் ‘எக்ஸ்ப்ளிசிட்’ என்று குறித்திருக்கும் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் போடலாமா என்று கேட்டால், வசையைவிடக் குடி, போதை, உடலுறவு பற்றிய பேச்சுதான் அதிகம். அதை எந்தப் பதிப்பும் வெட்டாது.

கருவி விஷயம். விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை, ஆனால் காதை மூடி உட்காரும் எதுவாக இருந்தாலும் செல்போன் ஸ்பீக்கரைவிட மேல். அடித்தொனியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட் மட்டும் வேண்டாம். லோர்டின் குரல் தாழ்ந்த ஸ்தாயிக் குரல். பக்கத்தில் அவருடைய குரலே நாலைந்து அடுக்காக இருக்கும். பேஸைக் கூட்டினால் கிக் டிரம் அந்த அடுக்குகளின் மேல் படிந்து, ‘சோபர்’ பாட்டில் சொற்கள் குழம்பிவிடும். கார் ஸ்டீரியோவில் ‘க்ரீன் லைட்’, ‘சூப்பர்கட்’, ‘பெர்ஃபெக்ட் பிளேசஸ்’ மூன்றும் பிரமாதமாக இருக்கும், ‘லயபிலிட்டி’ எடுபடாது. இன்ஜின் சத்தமே அதைத் தின்றுவிடும். வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு முறை கேட்பது நல்லது. உச்சரிப்பு நியூசிலாந்துக்காரருடையது, சொற்களையும் அவர் விழுங்கிப் பாடுவார்.

‘ஹோம்மேட் டைனமைட்’டுக்குக் காலித், போஸ்ட் மலோன், சிஸா என்ற மூன்று அமெரிக்கப் பாடகர்கள் சேர்ந்த ஒரு ரீமிக்ஸ் 2017இலேயே வந்தது. தனியாகக் கேட்கச் சுவாரஸ்யம்தான், சிஸாவின் பகுதி நன்றாகவும் இருக்கும். ஆனால் ஒருத்தியின் ஒரு இரவுக் கதைக்குள் மூன்று பேர் வந்து ஆளுக்கொரு பத்தி பாடுவது பொருந்தாது. ஆல்பத்துக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். இசைத்தட்டில் வாங்குபவர்களுக்கு 41 நிமிடம் ஒரே தட்டில் நெருக்கடியில்லாமல் அடங்கும் அளவு. பெரிய அட்டையில் சாம் மெக்கின்னிஸின் ஓவியத்தைப் பார்க்கவாவது அது மதிப்பு: நீல இருட்டில் படுக்கையில் கிடக்கும் முகம், மேலே எங்கிருந்தோ விழும் வெளிச்சம். விருந்து நடந்துகொண்டிருக்கிறதா முடிந்துவிட்டதா என்று அந்த ஒளியை வைத்துச் சொல்ல முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ‘லவ்லெஸ்’ பற்றிச் சொல்லியாயிற்று. ஐந்திலிருந்து எட்டு வரை வேகம் அடியோடு படுத்துவிடுகிறது. விருந்தின் தர்க்கப்படி சரி, ஆனால் ஆடுவதற்காக வந்தவர்கள் அங்கே கழன்றுகொள்வார்கள். ஆன்டனாஃபின் முத்திரைகள், அதாவது கூட்டுக் குரல் கோஷம், எண்பதுகளின் சாயல் கொண்ட சின்தசைசர், கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விடுவது, இங்கே புதிதாக இருந்தன. பிறகு அவர் வேறு பலருக்கும் வேலை செய்துவிட்டதால் இன்று முதல் முறையாகக் கேட்பவருக்குச் சில இடங்கள் எங்கேயோ கேட்டது போல இருக்கலாம். அதற்காக இதை அவருடைய ஆல்பம் என்று சொல்லிவிட முடியாது. 11 பாட்டையும் எழுதியதில் லோர்டின் பெயர் உண்டு, தயாரிப்பிலும் உண்டு. தான் செய்தது ஜாக் ஆன்டனாஃப் ஆல்பம் அல்ல, லோர்ட் ஆல்பம் என்று அவர் 2021இல் எரிச்சலோடு சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் வந்த வாரமே பில்போர்டு 200 என்ற ஆல்பம் பட்டியலில் முதலிடம். 2018 கிராமி இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான ஐந்து பரிந்துரைகளில் ஒன்று. மற்ற நால்வரும் ஆண்கள். பரிசு புரூனோ மார்ஸுக்குப் போனது. மேடையில் தனியாகப் பாட லோர்டை அழைக்கவும் இல்லை. அந்த முடிவு இன்றைக்கும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இது பிடித்துப்போய் அடுத்து என்ன என்று தேடுபவர்கள் நேரே 2021இன் ‘சோலார் பவர்’ பக்கம் போக வேண்டாம். தயாரிப்பாளர் அதே ஆள்தான் என்றாலும், அது கடற்கரை வெயிலில் கிட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆல்பம். ‘சூப்பர்கட்’டின் வேகத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முதலில் பின்னால் போய் ‘ப்யூர் ஹீரோயின்’ கேளுங்கள், அதன் ‘ரிப்ஸ்’ பாட்டில் வயதாகிவிடுமே என்று பயப்படுகிற அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி ‘மெலோட்ராமா’வுக்கு வாருங்கள். 2025இல் வந்த ‘வர்ஜின்’ அதற்கு அப்புறம். ‘சோலார் பவர்’ ஒரு விடுமுறை நாளுக்குக் காத்திருக்கட்டும்.